புதன்கிழமை நாலு மணிக்குச் சிரிக்கணும்

லிப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட, மெக்கானிக் வந்து கதவைத் திறக்கற வரைக்கும் போன்ல பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கறதுதான் என் தொழில். அவங்களாவது அரை மணி நேரத்துல வெளிய வந்துடறாங்க, நான் என் வீட்டு பெட்ரூம்ல மாட்டி வருஷக்கணக்காச்சு.

வீட்ல உக்காந்து வேலை பாக்கற சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னா உடனே புரியும். எங்களுது புனேயில லிப்ட் மாட்டிக் குடுத்து ரிப்பேரும் பாக்கற சின்னக் கம்பெனி. லிப்ட் நடுவுல நின்னா, உள்ள இருக்கற மணி பட்டனை அழுத்துவாங்க. கால் எங்களுக்கு வரும். முன்னாடி போசரி ஆபீஸ்ல ஒரே ஒரு நீள மேஜை, மூணு நாற்காலி. நான், இம்தியாஸ், சுனந்தா தாயி. தாயின்னா மராத்தியில அக்கா. ஊரே வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த வருஷத்துல எங்க கையில ஆளுக்கொரு ஹெட்செட்டைக் குடுத்து அனுப்பி வெச்சாங்க. அப்புறம் திரும்பக் கூப்பிடவே இல்ல. அந்த மேஜை மேல இப்போ கிரீஸ் டப்பா அடுக்கி வெச்சிருக்காங்களாம். தாயி கசார்வாடி வீட்ல, இம்தியாஸ் போசரியில, நான் வானவடியில. எங்களுக்குள்ள இந்தியும் மராத்தியும் கலந்துதான் பேச்சு. இங்க உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

எனக்கு நாப்பத்தெட்டு வயசு. ஒரு இடத்துல உக்கார மாட்டேன். யாரைப் பாத்தாலும் அவங்கள மாதிரியே பேசிக் காட்டலேன்னா அன்னிக்குச் சோறு இறங்காது. மிமிக்ரியில குரல் கால்வாசிதாங்க, மீதி முக்காலும் எங்க நிறுத்தறோம், எவ்வளவு நேரம் நிறுத்தறோம்ங்கறதுதான். அதுக்கு என் அளவுகோல் சுனந்தா தாயியோட சிரிப்பு. லேசுல சிரிக்க மாட்டாங்க. உதட்டை இறுக்கிக்குவாங்க. மூக்கு வழியா ஒரு சத்தம் வரும். அப்புறம் மேஜை ஆடும். மேஜை ஆடிச்சுன்னா ஐட்டம் பாஸ். வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து அந்தச் சத்தத்தை நான் கேக்கவே இல்ல. இருக்கேனா செத்தேனான்னு எனக்கே தெரியாத மாதிரி ஒரு அவஸ்தை.

ஒரு வரி ராஜினாமா

ஒரு திங்கக்கிழமை காலைல குரூப்ல மெசேஜ் வந்துச்சு. "நான் வேலையை விடறேன், நோட்டீஸ் ஒரு மாசம், சுனந்தா." அவ்வளவுதான். நான் பல்லு விளக்கிட்டிருந்தேன். வாயில நுரையோட போன் போட்டேன்.

"வேற வேலை கிடைச்சுதா தாயி?"

"இல்ல."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேன்."

"பின்ன ஏன்?"

"மனசு ஒட்டல சேகர். விடு, கால் வருது." வெச்சுட்டாங்க. கோவமாப் பேசியிருந்தாக்கூட சமாதானம் சொல்லலாம். ஒட்டலன்னா என்ன பண்றது, பசையா வாங்கிட்டுப் போறது?

அன்னிக்கே எங்க மேனேஜர் அபர்ணா மேடம் என்னைக் கூப்பிட்டாங்க. நல்ல பொண்ணு, சின்ன வயசு. ஆனா பேசற ஒவ்வொரு வரியையும் கேள்வி மாதிரி மேல தூக்கித்தான் முடிக்கும். "தாயி மாதிரி இன்னொருத்தர் கிடைக்க மாட்டாங்க, சேகர்? டீமுக்குள்ள ஒட்டுதல் குறைஞ்சு போச்சு?" நான் எதுக்கெல்லாம் பதில் சொல்றது, எதை விடறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். கடைசியா ஒரே மூச்சுல சொன்னாங்க: "அடுத்த வாரத்துலேர்ந்து ஒவ்வொரு புதன்கிழமையும் நாலுலேர்ந்து நாலரை வரைக்கும் நீங்க எல்லாரையும் சிரிக்க வைக்கறீங்க, சிரிக்கறவங்க வேலையை விட்டுப் போக மாட்டாங்க, ஓகே?"

நாலு செகண்டு

நோட்டீஸ் ஒரு மாசம்னா எனக்கு நாலு புதன்கிழமை. மொதல் புதனுக்கு என்கிட்ட இருக்கறதுலயே பெஸ்ட் ஐட்டத்தை எடுத்தேன். எங்க சீனியர் மெக்கானிக். "கீழதான் நிக்கறேன், ரெண்டே நிமிஷம்"னு அவரு போன்ல சொல்லுவாரு. பின்னாடி ரயில்வே கேட் மணி அடிக்கும், பஸ் கண்டக்டர் கத்துவாரு, கரும்பு ஜூஸ் மெஷின் ஜல் ஜல்லுன்னு சுத்தும். இத்தனை சத்தத்தையும் ஒரே வாயால போடுவேன். போசரி ஆபீஸ்ல இதுக்கு மேஜை ரெண்டு அங்குலம் நகர்ந்த சரித்திரம் உண்டு.

கேட் மணி அடிச்சேன். நிறுத்தினேன். ஸ்கிரீன்ல மூணு கட்டம். ஒண்ணுல இம்தியாஸோட நெத்தி, ஒண்ணுல தாயி வீட்டு சீலிங் ஃபேன், ஒண்ணுல மேடத்தோட போட்டோ. எல்லாரும் ம்யூட். ஒரு சத்தம் இல்ல. கரும்பு ஜூஸ் போட்டேன். ஃபேன் சுத்துது. எனக்கு வேர்த்துடுச்சு. மிமிக்ரிக்காரன் செய்யவே கூடாத பாவத்தைச் செஞ்சேங்க, ஜோக்கை விளக்க ஆரம்பிச்சேன். "அதாவது, அவரு கீழே இல்ல, எங்கயோ தூரமா..." அப்பப் பாத்து, நாலு செகண்டுக்கு முன்னாடி அடிச்ச கேட் மணிக்கு இம்தியாஸ் சிரிச்ச சிரிப்பு வந்து சேருது. மேடம் ஒரு மஞ்சக் கட்டைவிரலை அனுப்பினாங்க. தாயி ம்யூட்டை எடுத்தாங்க. நான் காதை ஸ்கிரீன்கிட்ட கொண்டு போனேன். அவங்க சொன்னது: "உன் வாய் ஆடறது தெரியுது சேகர், ஜோக் இன்னும் கசார்வாடி வந்து சேரல."

ரெண்டு ரூம், ரெண்டு பேர்

போசரியில வியாழக்கிழமை கரண்ட்டை நிறுத்தி லைன் வேலை பாப்பாங்க. மறுநாளே இம்தியாஸ் போன் பண்ணினான். "சேகர் பாய், கரண்ட்டும் இல்ல, நெட்டும் இல்ல. பத்து மணி ஹாஜரை மட்டும் எப்படியாவது பாத்துக்கோ." ஹாஜர்னா வருகைப்பதிவு மீட்டிங். கேமரா வேணாம், குரல் குடுத்தா போதும். எனக்கு இதைவிட வேறென்ன வேணும்? லேப்டாப்ல நான், என் பொண்டாட்டி பத்மாவோட போன்ல இம்தியாஸ். ஆனா ரெண்டும் ஒரே ரூம்ல இருந்தா கீச்சுன்னு விசில் அடிக்குது. அதனால லேப்டாப் பெட்ரூம்ல, போன் கிச்சன்ல, சப்பாத்தி மாவு டப்பா மேல.

"சேகர்?" "பிரசன்ட் மேடம்." ஓட்டம். "இம்தியாஸ்?" அவன் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செருமுவான். செருமிட்டு, "ஜி மேடம், ஹாஜர்." இதோட விட்டாங்களா? "உங்களுக்குள்ள ஒருத்தர்கிட்ட ஒருத்தருக்குப் பிடிச்ச விஷயம் சொல்லுங்க?" ன்னாங்க. ஹாலைத் தாண்டித் தாண்டி என்னை நானே புகழ்ந்தேன், அவனையும் புகழ்ந்தேன், நடுவுல ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் குறுக்க வந்து மன்னிப்பும் கேட்டுக்கிட்டேன். சப்பாத்திக் கட்டையைக் கையில பிடிச்சபடி பத்மா பாத்துக்கிட்டே நின்னா. எட்டாவது தடவை கிச்சனுக்குள்ள வந்தப்போ வழி விட்டா. கடைசியில மேடம் சொன்னாங்க: "சேகர், ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க, இம்தியாஸைப் பாருங்க எவ்வளவு நிதானமா, மரியாதையாப் பேசறாரு, அவருகிட்டக் கத்துக்கோங்க?"

தாயியும் அந்த மீட்டிங்ல இருந்தாங்க. எந்தக் குரல் யாருதுன்னு அவங்களுக்குத் தெரியாதா? சிரிக்கவும் இல்ல, காட்டிக் குடுக்கவும் இல்ல.

சுபேதாரோட பாட்டு

ரெண்டாவது புதன், அந்தாட்சரி, அதாவது முடிஞ்ச எழுத்துல அடுத்தவர் எடுக்கற பாட்டுக்குப் பாட்டு. அந்த அரை மணி நேரம் எங்க கால் எல்லாம் கம்பெனியோட நாக்பூர் கிளை ஆளுங்களுக்குப் போகும்னு ஏற்பாடு. ஆனா அவங்களும் பிஸின்னா திரும்ப நம்மகிட்டயே வந்துடும். இம்தியாஸ் கண்ணை மூடிப் பாடிக்கிட்டிருக்கான். எனக்கு போன் அடிச்சுது. ஸ்பீக்கர்ல போட்டு எடுத்தேன், லேப்டாப் சத்தத்தைக் குறைக்க மறந்துட்டேன்.

எங்க வானவடியிலயே, நாலு தெரு தள்ளி, ராணுவத்துல இருந்து ரிட்டயர்டான ஒரு சுபேதார். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நிக்கறாரு. "யார் அங்க பாடறது?" ன்னாரு. நான் உண்மையைச் சொன்னேன். "ஐயா, எங்க டீம். ஒத்துமையா இருக்கறதுக்காகப் பாடச் சொல்லியிருக்காங்க." "இங்க எதிரொலி நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு எடுத்தாரு பாருங்க! பெட்டிக்குள்ள பாடற குரல், கணீர்னு. சுனந்தா தாயிதான் நடுவர். "எழுத்து தப்பு, செல்லாது"ன்னு ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டாங்க. அவரு விடல. கேப்டன் ஒருத்தரு தப்பு பண்ணினதை எல்லாம் உதாரணம் காட்டி வாதாடினாரு.

நான் தாயி சிரிக்கறாங்களான்னு பாத்தேன். அவங்க படம் அப்படியே உறைஞ்சு போயிருந்துச்சு, வாய் பாதி திறந்தபடி. அது சிரிப்போட ஆரம்பமா, கொட்டாவியோட முடிவான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அதுக்குள்ள மெக்கானிக் போய்ச் சேந்துட்டான், கதவு திறக்கற சத்தமும் கேட்டுச்சு. சுபேதார் சொன்னாரு: "கதவைத் திறந்துட்டாங்க தம்பி, ஆனா நான் வெளிய வரல, 'ந'வுல ஒரு பாட்டு ஞாபகம் வந்துடுச்சு, அந்த அம்மாகிட்டச் சொல்லு."

மூணு டப்பா

மூணாவது புதனுக்கு முன்னாடி எனக்குத் தூக்கமே சரியா இல்ல. ரெண்டு போச்சு, ரெண்டுதான் பாக்கி. "சேந்து சாப்பிட்டா ஒட்டுதல் வரும்"னு பத்மா சொன்னா. சரின்னு ஏற்பாடு பண்ணினேன். எங்க வீட்டுப் புளியோதரை தாயிக்கு. தாயி பண்ற பாக்ரியும் பிட்லாவும், அதாவது சோள ரொட்டியும் கடலைமாவுக் கூட்டும், இம்தியாஸுக்கு. இம்தியாஸோட அம்மா பண்ற கபாப் எனக்கு. டெலிவரிப் பையன் இல்ல, நல்ல பொறுப்பான மனுஷர் ஒருத்தர், பைக்ல மூணு வீட்டுக்கும் போய் டப்பாவை வாங்கி, திரும்ப ஒரு சுத்து சுத்திக் குடுத்துடணும். டப்பா மாறிடக் கூடாதுங்கறதுக்காக நான் எல்லாருக்கும் கண்டிப்பா சொல்லியிருந்தேன்: மூடி மேல அவங்கவங்க பேரும் அட்ரஸும் எழுதி ஒட்டிடுங்க.

உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு இல்ல? எனக்கு டப்பாவைத் திறக்கற வரைக்கும் புரியல. அந்த மனுஷர் பொறுப்பா, மூடி மேல யார் பேரு இருக்கோ அவங்ககிட்டயே கொண்டு போய்க் குடுத்துட்டாரு. நாலு மணி, கேமரா ஆன், டப்பாவைத் திறந்தா உள்ள என் வீட்டுப் புளியோதரையே என்னைப் பாக்குது. எனக்கு மட்டும்தான் மாறிப் போச்சுன்னு நெனச்சேன். நல்ல நாளைக் கெடுப்பானேன்னு, "ஆஹா இம்தியாஸ், உங்க அம்மா கை மணமே தனி"ன்னு புளியோதரையை மென்னுக்கிட்டே சொன்னேன். அவனும் ஒரு மாதிரி முழிச்சுட்டு, "தாயி, பிட்லா பிரமாதம்"ங்கறான், அவன் விரல்ல ஒரு வெங்காய வளையம் மாட்டியிருக்கு. கபாபுக்குத்தாங்க வெங்காய வளையம் வெப்பாங்க. தாயி மட்டும் தலை குனிஞ்சு மெதுவா மென்னுக்கிட்டிருந்தாங்க. முழுசா முழுங்கிட்டு, தண்ணி குடிச்சிட்டு, கேமராவைப் பாத்துச் சொன்னாங்க: "சேகர், பத்மா பண்ணின புளியோதரை ரொம்ப நல்லா இருக்கு, பாக்கறதுக்கு அப்படியே பாக்ரியும் பிட்லாவும் மாதிரி இருக்கு, டப்பாவும் என் டப்பா மாதிரியே இருக்கு, மேல என் பேரும் என் கையெழுத்துலயே இருக்கு."

வெட்டாத கேக்

நாலாவது புதன். நோட்டீஸோட கடைசி நாள். மேடம் வழியனுப்பு விழா வெச்சாங்க. ஸ்கிரீன் முழுக்க ஒரு கேக் படம், அதுல மெழுகுவத்தி கூட எரியுது. ஓரமா ஒரு கத்தி பட்டன் இருக்காம், அழுத்தினா கேக் வெட்டுப்படுமாம். தாயிக்கு அந்தப் பட்டன் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல. "பரவாயில்ல, நீங்க கன்டின்யூ பண்ணுங்க?" ன்னு மேடம் வேற மீட்டிங்குக்குப் போயிட்டாங்க. நான் மெக்கானிக்கா பேசினேன், சுபேதாரா பேசினேன், அந்த மீட்டிங்ல இல்லாத மேடமாக்கூட பேசினேன். தாயி, "போதும் சேகர், கால் வருது"ன்னாங்க. இம்தியாஸுக்கும் கால். எனக்கும் ஒண்ணு வந்துச்சு, யாரோ தெரியாம மணியை அழுத்திட்டாங்க, ஒரே நிமிஷம். முடிச்சிட்டு எழுந்துட்டேன். தோத்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். ஃபிரிட்ஜைத் திறந்தேன், மூடினேன். பத்மா, "ஒரு இடத்துல உக்காரேன்"னா. உக்காரலாம்னு பெட்ரூமுக்கு வந்தா, லேப்டாப்புக்குள்ளேர்ந்து தாயி குரல் வருது.

"கதவைத் தொடாதீங்க. அரே பாபா, தொடாதீங்கன்னா. கீழ உக்காருங்க. தரையிலதான். பேன்ட் அழுக்கானா தோச்சுக்கலாம்."

அப்பதான் உறைச்சுது. மீட்டிங்கை மூட வேண்டியது நான். மூடல. அவங்க கஸ்டமர் போன்ல பேசறது இந்தப் பக்கம் அப்படியே கேக்குது. உள்ள இருக்கற ஆளு பயத்துல கதவை நெம்பி, ரெண்டு மாடிக்கு நடுவுல குதிக்கப் பாக்கறான்னு தெரிஞ்சுது. எங்க வேலையில இதுதான் பெரிய ஆபத்து. குதிக்கறவன் காலு மாடியில படலாம், தவறினா நேரா லிப்ட் குழிக்குள்ளயும் போகலாம். மௌஸ் மேல கையை வெச்சவன் அப்படியே நின்னுட்டேன்.

"பையில என்ன வெச்சிருக்கீங்க? பச்சைப் பட்டாணியா? எவ்வளவு, அரைக் கிலோவா? நல்லது. உரிங்க. ஆமா, இப்பவே. தோலைத் தனியாப் போடுங்க, லிப்ட்டைக் குப்பையாக்காதீங்க. மெக்கானிக் பாலத்துல டிராபிக்ல நிக்கறாரு, வந்துடுவாரு. எத்தனை ஆச்சு? இவ்வளவுதானா? வீட்ல என்னிக்காவது பட்டாணி உரிச்சிருக்கீங்களா நீங்க? தெரியுது. கட்டைவிரலால அழுத்துங்க."

முக்கால் மணி நேரம். அந்தாளு அரைக் கிலோவையும் உரிச்சு முடிச்சான். அவன் பொண்டாட்டி பேரு, பட்டாணியை அவ என்ன பண்ணுவா, எவ்வளவு காரம் போடுவா, எல்லாம் கேட்டுட்டாங்க. குரல் ஒரு இடத்துல கூட ஏறல, இறங்கல. எத்தனையோ வருஷமா நான் அந்தக் குரலைப் பேசிக் காட்டியிருக்கேன். இதுல பத்துல ஒரு பங்கு கூட நான் பிடிக்கலன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. நான் நின்ன இடத்துலயே நின்னேன். என் வாழ்க்கையில அவ்வளவு நேரம் அசையாம நின்னதில்லன்னு பத்மா சாட்சி சொல்லுவா. கடைசியில கதவு திறந்திருக்கணும். "சரி, சரி, அழாதீங்க, வீட்டுக்குப் போங்க"ன்னாங்க. போனை வெச்சாங்க. அப்புறம் ஒரு பெருமூச்சு, "ஹுஷ்ஷ்"னு. ஒரு காலி ரூம்ல ஒருத்தர் தனியா விடற மூச்சு.

"சபாஷ் தாயி"ன்னு வாய் தானா சொல்லிடுச்சு. என் சொந்தக் குரல்ல.

"யாரு?" பயந்துட்டாங்க.

"நான்தான், சேகர். மீட்டிங்கை மூட மறந்துட்டேன்."

"நானும் இருக்கேன் தாயி"ன்னு இம்தியாஸ் குரல். "என் மைக் வழியா சத்தம் வந்து உங்களுக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு கீழ் வீட்டு லேத் பட்டறையை நிறுத்தச் சொல்லி ஓடினேன். அவங்களும் நிறுத்திட்டு, ஆள் வெளிய வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டு மாடிப்படியிலயே நிக்கறாங்க."

தாயி நாற்காலியை இழுத்துப் போடற சத்தம் கேட்டுச்சு. "இத்தனை வருஷமா இந்த மாதிரி கால் முடிச்சுட்டு, நான் சுவத்தைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்"னாங்க. "திட்டறதுக்குக் கூட பக்கத்துல ஆள் இல்ல." அப்போ இம்தியாஸ் மெதுவா, "தாயி, அந்தக் கேக்ல மெழுகுவத்தி இன்னும் எரியுது"ன்னான்.

பாத்தா ஆமா. ஒரு மணி நேரமா யாரும் ஊதாம, யாரும் வெட்டாம, ஸ்கிரீன் நடுவுல அது பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. மொதல்ல மூக்கு வழியா ஒரு சத்தம் வந்துச்சு. அப்புறம் ஏதோ கடகடன்னு ஆடற சத்தம். கசார்வாடி வீட்டு டேபிளா இருக்கணும். நான் ஒரு வார்த்தை பேசல, ஒரு குரல் போடல, அவங்க சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. கண்ணைத் துடைச்சிக்கிட்டு, மேனேஜரே கேட்டா கூட பயப்படற அந்தப் பழைய குரல்ல சொன்னாங்க: "இந்த மீட்டிங்கை மூடாதே சேகர், நாளைக்கும் ஒன்பது மணிக்குத் திறந்து வை, நான் வர்றேன், ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கறேன்னு மேடத்துகிட்ட நானே சொல்லிக்கறேன்; ஆனா பாட்டு, டப்பா, விளையாட்டு ஒண்ணும் கிடையாது, அவங்கவங்க அவங்கவங்க வேலையைப் பாக்கணும், நீ என்னைச் சிரிக்க வைக்கணும்னு வாயைத் திறந்தே, அந்த நிமிஷமே மறுபடி நோட்டீஸ்."

ஆக, டீமை ஒட்ட வைக்கறதுக்காக நாலு புதன்கிழமை நான் படாத பாடு பட்டதுல உருப்படியாச் செஞ்ச ஒரே வேலை, செய்ய வேண்டியதைச் செய்ய மறந்ததுதாங்க.